மங்கு தெரிகிற கேமரா

குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். போலீஸ் இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், தறியிலிருந்து வருகிற புடவைகளைச் சோதித்து வாங்குகிறவன். பாயில் விரித்து, டியூப் லைட்டுக்குக் கீழே முழம் முழமாகத் தள்ளிக்கொண்டே போவேன். இழை விட்ட இடம், ஜரிகை சுருண்ட இடம், எண்ணெய்க் கறை பட்ட இடம், எதைக் கண்டாலும் அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவேன். மூன்று ஸ்டிக்கர் விழுந்தால் புடவை வந்த வழியே திரும்பிப் போகும். இழை எண்ணுகிற பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

இந்தக் கண்ணைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற புத்தி எனக்குக் கடைசிவரை வரவில்லை. சாம்பாரில் உப்பு, வாசல் கோலத்தில் கோணல், மனைவி தைத்து வைத்திருக்கிற ரவிக்கையின் கழுத்து வளைவு என்று எல்லாவற்றிலும் எனக்கு ஏதாவது தட்டுப்படும். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள் அவள். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மெஷினை மிதிப்பாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகு ஒரு காசி யாத்திரை வாய்த்தது. ஊரிலிருந்து நாற்பது பேர், சமையல்காரரோடு, ஒன்பது நாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு தூரம் போவது அதுதான் முதல் தடவை. மனைவி ஒரே ஒரு ஆசையைத்தான் சொன்னாள்.

"நம்ம ரெண்டு பேரும் நிக்கற மாரி நல்லதா ஒரு படம் எடுக்கணும்ங்க. பெருசா பிரேம் போட்டு ஹால்ல மாட்டணும்."

கேட்கத்தான் செய்வாள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது அவள் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற படங்களெல்லாம் ஊரார் கல்யாணத்தில் எடுத்தவை. மூன்றாவது வரிசையில் ஓரமாக நின்றுகொண்டிருப்போம்.

"போன்லயே எடுத்துக்கலாம்" என்றாள். அவளுக்குப் போன் போதும். எனக்குத்தான் போதவில்லை. அரக்கு நிறத்தை எந்தப் போனும் ஒழுங்காக எடுத்து நான் பார்த்ததில்லை. ஒன்று குங்குமமாக்கும், இல்லை காப்பிப் பொடியாக்கும். பொய் சொல்கிற சாமான் அது.

அவள் முகத்தையும் அது பொய்யாகத்தான் எடுத்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவளுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. களிம்பு, கஸ்தூரி மஞ்சள், டாக்டர் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது, திட்டுத்திட்டாக அப்படியே நின்றுவிட்டது. கல்லூரியில் படிக்கிற எங்கள் மகள், அம்மாவின் போனில் எதையோ மாற்றிக் கொடுத்தாள். அதிலிருந்து படத்தில் மங்கு வருவதில்லை. மழமழவென்று ஒரு முகம் வந்தது. மத்தியானத்தில் தையலுக்கு நடுவே அந்தப் படங்களை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். ஒருநாள் நான் எட்டிப் பார்த்து, "இது நீ இல்ல, உன் தங்கச்சி" என்றேன்.

"இருந்துட்டுப் போவுதுங்க. நல்லாத்தான இருக்குது" என்று சிரித்தாள். அவளுக்கு அப்போது கோபம்கூட வரவில்லை.

மூன்று மாதம் யூடியூபில் கேமரா பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். லென்ஸை மாற்றி மாற்றி மாட்டுகிற பெரிய கேமரா ஒன்று. கோபுரத்து உச்சிப் பொம்மையின் மூக்கைக்கூடக் கிட்டே இழுத்துக் காட்டுகிற நீண்ட ஜூம் கேமரா ஒன்று. பையில் அடங்குகிற சின்னது ஒன்று, ஆனால் உள்ளே சென்சார் பெரிது. யாத்திரை போகிறவன் கழுத்தில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு படித்துறை இறங்க முடியாது. கோயில் வாசலில் எல்லாவற்றையும் பிடுங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். இந்தக் கவலையெல்லாம் மற்றவர்களுக்கும் இருக்கும். எனக்கு அதற்கு மேல் ஒன்று இருந்தது. கேமராவை நம்புவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும், அதுவும் என் முறையில்.

கேமரா வாங்கப் போகிறவன் எவனாவது புடவையோடு போவானா? நான் போனேன். கடையில் கழித்துப் போட்டிருந்த ஒரு அரக்கு முந்தானைத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். கேமராக் கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. முந்தானையை மேஜையில் விரித்து, மூன்று கேமராவாலும் ஒரே வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு திரையிலும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இரண்டில் ஜரிகை மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. சின்ன கேமராவில் மட்டும் இழை இழையாகத் தனித்தனியே நின்றது. அரக்கு அரக்காகவே இருந்தது.

"சரிமா, துணி நல்லா வருது. ஆளு எப்படி வருதுன்னு பாக்கணும்" என்றேன்.

மனைவியைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் நிற்க வைத்தேன். அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், கொசுவத்தைச் சரி செய்தாள், போனுக்கு முன்னால் பழகி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தாள். எடுத்தேன். திரையில் அவள் கன்னத்தைப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தேன். மங்கின் ஓரம்கூடத் துல்லியமாக இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

"இங்க பாரும்மா, இந்தக் கன்னத்துல நாலு, அந்தக் கன்னத்துல மூணு. ஏழும் தெரியுது" என்று அந்தப் பெண்ணிடம் காட்டினேன். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்துவிட்டு, "மேடம் நல்லாத்தான் இருக்காங்க சார்" என்றாள்.

"நல்லா இருக்குதான்னு நான் கேக்கலமா. தெரியுதான்னுதான் பாத்தேன்."

மனைவி கிட்டே வந்து திரையைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி அதன் வழியாகவும் பார்த்தாள். பிறகு, "இதையே வாங்கிக்குங்க" என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மடியில் கேமராப் பெட்டி இருந்தது.

காசிக்குப் போகிற ரயிலிலேயே ஆரம்பித்தது. கேமராவை எடுத்தால் அவளுக்கு மேல் பெர்த்தில் ஏதாவது வேலை வந்துவிடும். பிளாட்பாரத்தில் நிறுத்தினால் வெயில் என்று முந்தானையால் பாதி முகத்தை மூடுவாள். இரண்டு மூன்று படங்கள் எப்படியோ எடுத்தேன், எடுத்ததை அவளிடமே காட்டிக் காட்டி அழித்தேன். "கண்ணு மூடிக்கினு இருக்குது பாரு. தோள ஏன் கூனிக்கினு நிக்கற? நேராத்தான் நில்லேன்." எனக்கு அது திட்டாகவே தெரியவில்லை. படம் நன்றாக வரட்டும் என்றுதான் சொன்னேன்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்தது எதையாவது அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். காயோ பழமோ, ஒன்றைச் சொல்லிக் கங்கையில் தண்ணீரை விட்டால் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. மூன்றாம் நாள் காலை படித்துறையில் எங்கள் கூட்டத்துக்கு அது நடந்தது. தமிழ் பேசுகிற வாத்தியார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு அம்மாள் பலாப்பழம் என்று சொல்லிவிட்டு அழுதே விட்டாள். நான் பாகற்காய் என்றேன். எனக்குப் பாகற்காய் ஆகாது, கங்கைக்கு அது தெரியவா போகிறது என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

நான் சொல்லிவிட்டு அவசரமாகப் படியேறினேன். குளித்து முடித்த கையோடு நாங்கள் இருவரும் கங்கையைப் பின்னால் வைத்து நிற்க வேண்டும், அதுதான் பிரேம் போடுகிற படம். கூட வந்த ஒருவரிடம் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே என் மனைவி இடுப்பளவுத் தண்ணீரில், இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"போட்டோல நிக்கறத விட்டுட்டேன் சாமி" என்றாள்.

வாத்தியார் நிமிர்ந்தார். "காய், கனி ஏதாவது சொல்லுங்கோம்மா."

"புடிச்சதத்தான சாமி விடணும்? எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்."

அவருக்குப் பின்னால் அடுத்த கூட்டம் காத்திருந்தது. சரி என்று மந்திரத்தைச் சொன்னார். அவள் கையை விரித்தாள், தண்ணீர் கீழே போயிற்று.

ஈரப் புடவையோடு படியேறி வந்தவளை மடக்கினேன். "பைத்தியமாடி உனக்கு? வேணாம்னா என்கிட்ட வேணாம்னு சொல்லு. கங்கைல சொன்னா அப்புறம் மாத்த முடியாதுன்னு தெரியாது?"

"தெரியும்ங்க. அதனாலதான் அங்க சொன்னேன்."

"ஒரே ஒரு படம்னு நீதான கேட்ட?"

"கேட்டேன். கடைல அத்தன பேரு முன்னாடி ஏழுன்னு எண்ணினீங்க. நானும் கண்ணாடி வச்சி எண்ணிப் பாத்தேன். சரியாத்தான் இருந்துது." முந்தானையைப் பிழிந்துகொண்டே இதைச் சொன்னாள், குரலை உயர்த்தவில்லை. பிறகு கையை நீட்டினாள். "குடுங்க அத. நீங்க நில்லுங்க. இவ்ளோ தூரம் வந்ததுக்கு உங்களயாவது எடுக்கறேன்."

கொடுத்தேன். அன்றிலிருந்து ஊர் திரும்புகிறவரை கேமரா அவள் கையில்தான் இருந்தது. என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்கிற கை, ஆடவே இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், இரண்டு நாளில் எனக்கு அது பிடித்துக்கூடப் போய்விட்டது. கோயில் வாசலில் நான், படகில் நான், கயாவில் நான். கோபம் அடங்கினால் சரியாகிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வருகிற ரயிலில் அவள் எதிர் பெர்த்தில் கொய்யா தின்றுகொண்டிருந்தாள். நான் கேமராவை வாங்கிப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நான் நிமிர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படங்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாமல் எடுத்தவை. ஒரு படத்தில் சத்திரத்துப் பையன் வைத்த இலையைப் பார்க்கிறேன். ஒன்றில் படகுக்காரர் துடுப்புப் போடுவதைப் பார்க்கிறேன். பனாரஸ் புடவைக் கடையில், ஒருவர் ஆசையாக விரித்துக் காட்டிய புடவையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றில் நேராகக் கேமராவைப் பார்க்கிறேன். அதாவது அவளைப் பார்க்கிறேன்.

எல்லாப் படத்திலும் ஒரே முகம். உதடு ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது, இடது கண் சுருங்கியிருக்கிறது. அந்த முகத்துக்கு முன்னால் எதுவும் நன்றாக இருக்க முடியாது. மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. படத்திலாவது ஏதாவது பழுது இருக்குமா என்று தேடினேன். ஆட்டமில்லை, மங்கலில்லை, வெளிச்சம் சரி. புடவையை விரிக்கும்போது நெசவுக்காரர்கள் ஏன் புடவையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எதுக்கு இதெல்லாம் எடுத்த?"

"நான் தெனமும் பாக்கறதுதானங்க. நீங்களும் ஒருவாட்டி பாக்கட்டும்னுதான்."

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கிக் கடைல பண்ணது தப்புதான்" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதாக நினைவில்லை.

"சரிங்க" என்றாள். கொய்யாவின் விதையைத் துப்பிவிட்டு, "அதுக்காகக் கங்கைகிட்ட போயி திருப்பிக் குடுன்னு கேக்க முடியுமா?" என்றாள்.

அழித்துவிடலாம் என்று பொத்தானைத் தேடினேன். அவள் பார்த்துவிட்டாள். "அழிக்கறதுன்னா அழிங்க. நான் போனுக்கு மாத்தி பொண்ணுக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டேன்."

அதற்குப் பிறகு ஊர் வந்து சேருகிறவரை எனக்கு ஒரே நம்பிக்கை மகள்தான். அவளுக்கு நான் என்றால் உயிர். அப்பாவைப் போய் இப்படி எடுத்து வைத்திருக்கிறாயே என்று அம்மாவிடம் சண்டைக்குப் போவாள். அவள் சண்டை போட்டால் போதும், நான் பெருந்தன்மையாக விடு என்று சொல்லிவிடலாம். ரயிலில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேகூட வந்தேன்.

வீட்டில் மூட்டையை இறக்கியதும் மகள் போனோடு வந்து உட்கார்ந்தாள். "அம்மா ஏன் ஒண்ணுலயும் இல்ல? ரெண்டு பேரும் சேந்து எடுத்தது எங்க?" என்று கேட்டாள்.

"அத கங்கைல விட்டுட்டேன்மா" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா துவைக்கிற துணியைப் பிரிக்கப் போனாள். மகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அப்படியே படங்களைத் தள்ளிக்கொண்டே வந்து, நான் நேராகப் பார்க்கிற அந்தப் படத்தில் நிறுத்தினாள்.

"இது சூப்பர்பா. இத உன் நம்பருக்கு வச்சிக்கறேன். நீ போன் பண்ணா இதுதான் வரும்."

"வேற நல்லதா வையேன்மா. அதுல மூஞ்சி ஒரு மாரி இருக்குது."

அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னவென்று உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

"எங்கபா? எப்பவும் இருக்கற மாரிதான இருக்குது" என்றாள்.