நான் விட்டுக்கொடுத்த இருக்கை

சண்டை முடிந்து பட்டாளத்தார் போன பிறகு, மட்டக்களப்பு வாவிக்குள் ஒரு சின்னத் தீவில் அவர்கள் போட்ட ஓடுபாதை மட்டும் மிஞ்சியது. நாலு பேர் ஏறும் ஒரு சின்ன விமானத்தை அங்கே வைத்து, போர்த்துக்கீசர் வழிவந்த நகரத்துப் பறங்கியர் ஒருவர் தானே ஓட்டித் தொழில் நடத்தினார். வாவியை மேலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களை அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார். அவசரக்காரர் வாடகைக்குப் பிடித்தால் கொழும்புக்கும் கொண்டுபோய் விடுவார். நான் அங்கே காவலாளி. புல் வெட்டுவது, காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் கிழியாமல் பார்ப்பது, விமானம் இறங்க வரும்போது எருமைகளை விரட்டுவது என் வேலை. இரண்டு வருடமாகியும் ஒருதரம்கூட நான் மேலே போனதில்லை. போகச் சொல்லி யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்தது.

மாரி மழைக்கு முந்திய ஒரு பின்னேரம் பறங்கியர் கேட்டேவிட்டார். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி சவாரிக்கு வந்திருந்தாள்.

"அந்த அம்மா துணையில்லாமத் தனிய ஏறமாட்டாவாம். பக்கத்துல ஒரு இருக்கை சும்மா கிடக்கு. நீ ஏறு."

"ஐயா, காலில முள்ளுத் தைச்சிட்டு. ஏற ஏலா" என்றேன். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை.

எனக்குச் சோறு கொண்டு தோணியில் வந்திருந்த என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் போறன்" என்றாள்.

நான் தடுக்கவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். "உன்னிச்சைக் குளத்தைக் காட்டிப்போட்டு உடனே கிறுகித் திரும்பி வந்திடுவம்" என்று அவர் கத்தினார்.

விமானம் கொக்கட்டிச்சோலைப் பக்கமாகப் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே திசையில் மேகம் கறுத்து எழும்பியது. அங்கே இடி முழங்கியது. காற்று திடீரென்று திரும்பி, துணிப்பை கம்பத்தில் படபடவென்று அடித்தது. பிறகு வாவியின் மேல் வெள்ளைச் சுவர் போல மழை நடந்து வந்தது. நீட்டிய கைகூட எனக்குத் தெரியவில்லை.

அரை மணி கடந்தது. மழைக்கு மேலே எங்கோ யந்திரச் சத்தம் கேட்டது. அது தீவைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. அந்தப் பக்கம் இறங்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஏற வேண்டியவன் நான். அவளை ஏற்றிவிட்டேன்.

கொட்டிலுக்கு ஓடினேன். பழைய டயரின் மேல் மண்ணெண்ணெயை ஊற்றி, தகரத்தால் மழையை மறைத்துப் பிடித்துக் கொளுத்தினேன். மூன்றாவது குச்சியில் பற்றியது. கரும்புகை கிளம்பும்போது மழையும் கொஞ்சம் வெளுத்தது. திரும்பிப் பார்த்தால், மேட்டு நிலம் தேடிய எருமைகள் ஓடுபாதை முழுவதும் நின்றன. தடியால் அடித்தேன், கத்தினேன், அழுதேன். கடைசி எருமை விலகவும் சத்தம் மறுபடி வந்தது. புகையைக் கண்டிருக்க வேண்டும். தாழ்ந்து வந்து, சேற்றில் சறுக்கி, தண்ணீருக்குப் பத்தடி முன்னால் நின்றது.

கிழவி சிலுவை போட்டுக்கொண்டே இறங்கினாள். விமானம் ஓட்டியவர் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். சுருட்டை வாயில் வைத்தவர் பற்றவைக்க மறந்துபோனார். என் மனைவி நாலடி நடந்து குந்தி வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவினேன்.

தோணியில் திரும்பும்போது சொன்னேன்: "எனக்கு முள்ளுத் தைக்கல்ல. பயத்துல சொன்னன்."

"தெரியும்." வாவியைப் பார்த்தபடியே இருந்தாள். "நீங்க பயமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் நிண்டிருப்பனே. நான் என்ன, பயமில்லாமலா ஏறினன்? ஒருத்தரும் ஏறாட்டி உங்கட வேலை போயிரும் எண்டுதான் ஏறினன்."

நான் துடுப்புப் போட்டேன். மூன்றாம் நாள் காலை நானே பறங்கியரிடம் போய், "ஐயா, எனக்கு மேல போகப் பயம். கீழ எந்த வேலையெண்டாலும் செய்வன்" என்றேன்.

"எனக்கும் இப்ப பயம்தான்" என்றார் அவர்.