ஒரு விறகுப் பட்டியலும் இரண்டு தணிக்கை அதிகாரிகளும்

டெர்மட் ஹேகர்ட்டி அயர்லாந்தில் ஓர் ஆட்டைத் திருடிய குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கைதிகளை அனுப்பும் வான் டீமன் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டவன். தண்டனை முடிந்து, அங்கே ஹார்லன் துறைமுக ஊரின் தணிக்கை அலுவலகத்தில் சேவகனாகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. காகிதம் சுமப்பதுதான் வேலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்ப்பதில்லை. யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். அந்த வருடம் அதுவும் தெரியாமல் போயிற்று.

தணிக்கை அதிகாரி பிரிட்செட் துரை, ஆளுநர் மாளிகைக்குப் புதுக் கூரை போட்ட செலவை ஏற்க முடியாது என்று பச்சை மையில் எழுதிவிட்டார். ஆளுநர் அவரை இடைநீக்கம் செய்து, தன் உதவியாளர் கேப்டன் லோவலை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பிரிட்செட் அசரவில்லை. "என்னை வெச்சது மகாராணி. லண்டன்ல இருந்து பதில் வர்ற வரைக்கும் நான்தான் அதிகாரி" என்று மலைமேட்டு வீட்டில் தனியாக ஒரு மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். கப்பல் லண்டன் போக ஐந்து மாதம், வர ஐந்து மாதம். ஊரிலிருந்த வக்கீல்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். எல்லோருக்கும் நல்ல வருமானம்.

டெர்மட்டுக்குத்தான் கால் தேய்ந்தது. கேப்டன் ஒரு காகிதத்தைக் கேட்பார். அது மலைமேட்டில் இருக்கும். ஏறிப்போனால் பிரிட்செட், "எந்தக் கேப்டன்? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்பார். ஒருவர் கையெழுத்திட்ட தாளில் மற்றவர் பேனாவை வைக்கவே மாட்டார். வெறுங்கையோடு இறங்கி வந்தால் திட்டு விழும். படித்த மனிதர்கள் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகளைப் போலச் சண்டை போட, இடையில் ஒரு கிழவன் மூச்சிரைக்க நடந்தான்.

இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டு இருந்திருப்பான். ஆனால் அவன் மனைவி ஹனோரா நெஞ்சுச் சளி முற்றி, ஏழை நோயாளிகளின் அரசு விடுதியில் கிடந்தாள். விடுதிக்கான குளிர்காலப் பட்டியல், விறகும் கம்பளியும், தணிக்கையில் யார் கையெழுத்து செல்லும் என்று தெரியாமல் ஆறு வாரமாகக் காத்திருந்தது. மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போனபோது பெஞ்சை உடைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்துக் கட்டில்காரம்மா எங்க?" என்று கேட்டான்.

"அவ வெள்ளிக்கிழமையே போயிட்டா. அவ போர்வைய எனக்குக் குடுத்தாங்க" என்றாள் ஹனோரா. "ஏங்க, உங்க ஆபீஸ்லதானே அந்தக் காகிதம் கெடக்குதாம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவனுக்குத் தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இவளும் போய்விட்டால் இந்தத் தீவில் அவனுக்கு யாருமில்லை.

மறுநாள், விறகும் கம்பளியும் கொடுக்கும் அரசுப் பண்டகசாலைக்குப் போனான். பண்டகக் காப்பாளர் ஓல்டன் கெட்டவரல்ல, பயந்தவர்.

"எந்தத் துரை கையெழுத்து செல்லும்னு எவனாவது எனக்கு எழுதிக் குடுங்கய்யா. தப்பான கையெழுத்துக்கு ஒரு கட்டு விறகு போனாலும் என் சம்பளத்துலதான் கை வெப்பாங்க."

"ரெண்டு பேர் கையெழுத்தும் கொண்டாந்தா?"

"ஒரே தாள்லயா? அவங்க போடுவாங்களா?"

"ரெண்டு தாள்ல."

ஓல்டன் யோசித்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "அதுல ஒண்ணு எப்படியும் சரியாத்தானே இருக்கும்? கொண்டா."

டெர்மட் மதியச் சாப்பாட்டு வேளையில் பட்டியலை இன்னொரு தாளில் தன் கோணல் எழுத்தில் படியெடுத்தான். ஒன்றைக் கேப்டனிடம் நீட்டினான். இன்னொன்றோடு மலைமேட்டுக்கு ஏறினான். இருவருமே அன்று தனக்குத்தான் வெற்றி என்று நினைத்துச் சந்தோஷமாகக் கையெழுத்திட்டார்கள். புதன்கிழமை நான்கு வண்டி விறகும் அறுபது கம்பளியும் விடுதிக்குப் போயின. டெர்மட் அன்று அசந்து தூங்கினான்.

ஆனால் ஓர் அலுவலகத்துக்கென்று பழக்கம் உண்டல்லவா? பொருள் கொடுத்த சீட்டுகளை மாதக் கடைசியில் தணிக்கைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஓல்டன் ஒழுங்கான மனிதர். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி அனுப்பினார். கட்டைத் தூக்கிக்கொண்டு போனது டெர்மட்தான். பத்தொன்பது வருடமாக எதையும் பிரித்துப் பார்க்காதவன் அன்று மட்டும் பார்ப்பானா? கேப்டன் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

கேப்டன் கத்திய கத்தலில் எழுத்தர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "என் முதுகுக்குப் பின்னால அந்த ஆள்கிட்டப் போனியா நீ?"

"விறகு வேணும் துரை."

"விறகா முக்கியம்? இங்க யாருக்கு அதிகாரம்னு ஒரு கேள்வி இருக்குடா!"

டெர்மட்டின் இடைநீக்க உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது. தலைமை எழுத்தர்தான் மெல்ல இழுத்தார்: "துரை, நாளைக்கு லண்டன் பதில் வேற மாதிரி வந்தா, உங்க உத்தரவு செல்லாமப் போயிடும். இவன் மறுபடி வந்து நிப்பான். எதுக்கும் அந்தத் துரைகிட்டயும் ஒரு கையெழுத்து…"

கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். உத்தரவு மலைமேட்டுக்குப் போனது. தன் அதிகாரத்தில் கேப்டனுக்கும் டெர்மட் சரிபாதி கொடுத்துவிட்டான் என்று கேட்டதும் பிரிட்செட் துரைக்கும் முகம் சிவந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, கேப்டன் பெயருக்குக் கீழேயே தன் பெயரைப் போட்டார்.

தலைமை எழுத்தர் தாளை நீட்டும்போது கிசுகிசுத்தார். "யோவ், மனு போடு. இதுல கையெழுத்துப் போட்ட ஒருத்தருக்கு அதிகாரமே இல்லன்னு எழுது."

"எந்த ஒருத்தருக்குய்யா?" என்று கேட்டுவிட்டு டெர்மட் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

சண்டை போட அவனுக்கு உடம்பில் தெம்பில்லை. நேரே விடுதிக்குப் போனான். அடுப்பு கனன்று கொண்டிருந்தது. ஹனோரா புதுக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். இருமல் குறைந்திருந்தது.

"இன்னைக்கு செவ்வாக்கிழமையாச்சே?" என்றாள். "வேலை இல்லையா?"

"லீவு குடுத்துட்டாங்க."

"பத்தொம்பது வருஷத்துல இல்லாத லீவா? எந்தத் துரை குடுத்தாரு?"

டெர்மட் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து கைகளை நெருப்புப் பக்கம் நீட்டினான்.

"ரெண்டு பேரும் சேந்துதான்" என்றான்.