மூன்றாவது பூட்டு

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் மத்தியான பஸ்ஸில், எனக்கு எதிர் வரிசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. மடியில் ஒரு புதுப் பூட்டு. அதைப் பூட்டுவார், இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார், திறப்பார், மறுபடி பூட்டுவார்.

"லேப்டாப்ல என்ன தம்பி படிக்கிறீங்க?"

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. கேட்டாரே என்ற ஆசையில் சொன்னேன்.

"ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள நெறைய கம்ப்யூட்டர் வாடகைக்குக் குடியிருக்குக்கா. மெமரிய பக்கம் பக்கமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி வப்போம். 'குடியிருக்கவங்களுக்கு மட்டும்'னு குறிய மாத்திட்டா, பெரிய கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தப் பாக்கக் கூடாது."

பூட்டைத் திருகிய கை நின்றது.

"அது முந்தியே உள்ள பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னா?"

"அதான் குறிய மாத்திட்டோமேக்கா."

"குறியென்ன தம்பி குறி. என் ரூமுக்கு இது மூணாவது பூட்டு. மாத்துன அன்னைக்கே ஓனரு ஒரு சாவி வாங்கிக்கிறாரு. ஷிப்ட் முடிஞ்சு வந்தா தலகாணி எடம் மாறிக் கெடக்கு."

நான் திரையைப் பார்த்தேன். குறியை மாற்றியிருந்தேன்; ஆனால் பெரிய கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே வைத்திருந்த வழியை அடைக்கவேயில்லை. பதறிப்போய்த் திருத்த ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது வேடசந்தூர் வந்திருந்தது. எதிர் இருக்கை காலியாக இருந்தது. தாடிக்கொம்பிலேயே இறங்கிவிட்டாரோ என்னவோ.

அந்தத் திருத்தத்தை அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். என் பக்கங்களை இனி யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அந்தத் தலையணையைப் பற்றி மட்டும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.