முடிவு கேட்டால் போண்டா

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மோட்டார் ரீவைண்டிங் பட்டறை ஒன்றில்தான் நான் இலக்கியம் பயின்றேன் என்றால், நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இப்போது யாரும் நம்புவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்புக் கம்பி உருளைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வார்னிஷ் வாசனைக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அங்கே வாசகர் வட்டம் கூடும். படித்த புத்தகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு அதை மேஜையில் வைக்க வேண்டும். போகும்போது வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். கதையின் முடிவைச் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. மீறினால் எல்லோருக்கும் எதிர்க்கடை போண்டா.

மீறியவரைப் பிடித்து, ஸ்பேனரால் இரும்புக் குழாயில் 'டங்' என்று தட்டும் அதிகாரத்தைப் பட்டறை மாமா எனக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பதவி எது? யாராவது 'கடைசியில' என்று வாயைத் திறந்தாலே என் கை ஸ்பேனருக்குப் போய்விடும்.

என்னை அங்கே அழைத்துப்போனவள் என் சித்தி. அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கி, சூலூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றபடியே படிப்பாள். இறங்கும்போது டிக்கெட்டை மடித்து அடையாளம் வைப்பாள். அவள் பேச எழுந்தால் பட்டறையில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் அவளுக்குச் சம்பந்தம் அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தைய கூட்டத்தில் ஒரு நாவலைப் பாதி படித்ததோடு மேஜையில் வைத்தாள். காணாமல் போன தம்பியைத் தேடி ஊர் ஊராக அலைகிற அக்காவின் கதை. டிக்கெட் நடுப்பக்கத்திலேயே இருந்தது.

“ஏனுங்க மாமா, அந்தத் தம்பி கெடைக்கறானா இல்லீங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க.”

நான் தட்டிய தட்டில் குழாய் அதிர்ந்தது. “சித்தி முடிவு கேட்டுட்டாங்க! போண்டா! போண்டா!”

பட்டறையே சிரித்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அட, நீங்களே இப்படிக் கேட்டா எப்படீங்க அம்மணி? புக்கு எங்க ஓடியா போயிருது? மறுவீடு வாரப்ப எடுத்துப் படிச்சுக்குங்க.”

“இல்லீங்க மாமா, நெசமாத்தான் கேக்கறேன்.”

“கேட்டதுக்கே ஒரு ரவுண்டு. இன்னொருக்காக் கேட்டா சட்னி தனி!”

மறுபடியும் சிரிப்பு. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. கல்யாணப் பெண்ணைக் கேலி செய்யலாம். ஏன் இந்த அவசரம் என்று மட்டும் கேட்கமாட்டோம். சித்தியும் சிரித்தாள். போண்டா வாங்கிக் கொடுத்தாள். மேஜையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்த நாவலை நான் எடுத்துவந்தேன். புரிந்ததோ இல்லையோ, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்து, முழுப்பரீட்சை லீவுக்குள் முடித்துவிட்டேன்.

லீவில் மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அம்மாவும் நானும் சித்தி வீட்டுக்குப் போனோம். பெரிய வீடு. நல்ல மனிதர்கள். படிக்காதே என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கறவை மாடுகள் இருந்தன. தேங்காய் உரிக்கிற ஆட்களுக்குச் சோறு போக வேண்டியிருந்தது. வாசலில் எப்போதும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா மற்றவர்களோடு கூடத்தில் உட்கார, நான் அடுப்படிக்கு ஓடினேன்.

“சித்தி, அந்தப் புக்க நான் முடிச்சுட்டேனே!”

மாவாட்டிக்கொண்டிருந்த சித்தி கிரைண்டரை நிறுத்திவிட்டாள். “அட என்ற கண்ணு! சொல்லு, சொல்லு.”

பட்டறையில் நின்று பேசுவது போலவே சொன்னேன். அக்கா ரயில் ஏறுவது, சத்திரத்தில் தங்குவது, கடைசி ஊரில் ஒரு பச்சைக் கதவைத் தட்டப் போவது. சித்தி மாவுக் கையைத் துடைக்கக்கூட இல்லை.

“கதவு தொறந்துச்சா?”

'டங்' என்று வாயாலேயே தட்டினேன். “ஆங்! முடிவு சொல்லக் கூடாதுங்க சித்தி. நீங்களே படிச்சுக்குங்க.”

“இங்க ஆரு சாமி பாக்கறாங்க? என்ற காதுல மட்டும் சொல்லு.”

“சட்டம்னா சட்டந்தான்.”

கூடத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “இதா வாரேனுங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு மேலே என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“செரி போ. தம்பி கெடைச்சுட்டான்னே நான் வெச்சுக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதையில் அவன் கிடைப்பதே இல்லை. இவ்வளவு படித்த சித்திக்கு இதுகூட ஊகிக்கத் தெரியவில்லையே என்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.