ஹெஸ்டர் டில்லியின் கோணல் மூக்கு

லண்டன் டெட்ஃபோர்டில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருந்தவரின் மகள் ஹெஸ்டர், ஓவியர் ஆம்புரோஸ் டில்லியைக் கல்யாணம் செய்துகொண்ட பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு தடவை மகாராணி ஆகியிருந்தாள். கணவன் கொடுத்த திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு அசையாமல் நிற்பாள். அடுப்பில் ஆட்டிறைச்சி தீய்ந்துகொண்டிருக்கும். படம் முடிந்து பார்த்தால் கழுத்தும் கையும் அவளுடையவை, மூக்கு மட்டும் வேறு யாருடையதோ. சிறு வயதில் படகுத்துறைப் படியில் விழுந்து கோணிப்போனது அவள் மூக்கு. அதை எந்த ராணிக்கும் கொடுக்க ஆம்புரோஸுக்கு மனம் வரவில்லை.

அந்த மார்ச் மாதம் அவன் ஒரு படத்தை மூடி மூடி வைத்து வரைந்தான். அது முடிந்து இரண்டு வாரம் காய்ந்த பிறகுதான் அவளுக்குக் காட்டினான். படத்தில் உள்பாவாடையோடு கண்ணாடி முன் உட்கார்ந்து, வாயில் நாலு கொண்டை ஊசியைக் கவ்வியபடி முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் ஹெஸ்டர். மூக்கு கோணலாகவே இருந்தது. போதாததற்குச் சளிபிடித்துச் சிவந்தும் இருந்தது.

"பதினோரு பேருக்கு நிமித்தினியே, எனக்குன்னு வந்தா மட்டும் கை வலிச்சிடுச்சா?" என்றாள்.

"அவங்கல்லாம் யாரோ, ஹெட்டி. இது நீ."

அதை அவள் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவன் படத்துக்குச் சட்டம் வாங்கப் போனதும் தூரிகையை எடுத்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற வேலைதானே என்ற தைரியம். மூக்கு நேரானது, ஆனால் நீண்டுவிட்டது. நீளத்தைக் குறைக்கப் போனதில் மேலுதட்டில் நிழல் படிந்தது. அரைமணி நேரத்தில் படத்திலிருந்து ஊசி கவ்விய பாதிரியார் ஒருவர் அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

பதறிப்போய் சாயம் கரைக்கிற டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தாள். ஈரச் சாயம் வந்துவிட்டது. அடியில் காய்ந்திருந்த மூக்கு அப்படியே இருந்தது. அப்போதுதான் அதை நெருங்கிப் பார்த்தாள். அந்த வளைவில் மயிரிழை மயிரிழையாக எத்தனை கோடுகள்! எந்த ராணியின் கிரீடத்துக்கும் அவன் இவ்வளவு பாடுபட்டதில்லை. வெகுநேரம் துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

ஆம்புரோஸ் வந்தான், வாசனை பிடித்தான், அவள் விரல்களைப் பார்த்தான்.

"நிமிந்துச்சா?"

"இல்ல. பிடிவாதம் பிடிச்ச மூக்கு."

சனிக்கிழமை லீட்ஸிலிருந்து சோப்பு ஆலை முதலாளி பாக்ளிங்டன் படம் வாங்க வந்தார். பேசி வைத்திருந்தது பதினோராவது ராணியை. அவரோ கொண்டை ஊசிப் படத்தின் முன் நின்றுவிட்டார். இதுதான் வேண்டும், இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். ஆம்புரோஸ் மனைவியைப் பார்த்தான்.

"அது விக்கிறதுக்கில்லைங்க" என்றாள் ஹெஸ்டர். "ராணியக் கூட்டிட்டுப் போங்க. சளி கிளி ஒண்ணும் கிடையாது."

அவர் ராணியோடு போனார்.

படத்தை எங்கே மாட்டுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். கூடத்தில் என்றான் அவன், படுக்கையறையில் என்றாள் அவள். கடைசியில் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டினார்கள். கரி வாளியோடு ஏறும்போதெல்லாம் சட்டம் தோளில் இடிக்கும். அவன் இறந்துபோன பிறகும் பதினாறு வருஷம் அவள் திட்டிக்கொண்டே ஏறினாள். படத்தை மட்டும் யாரையும் நகர்த்த விடவில்லை.