மூன்றாவது பாட்டில்

போன வியாழக்கிழமை காலை, ஒரத்தநாட்டுப் பெட்ரோல் பங்க். அங்கே பெட்ரோல் போடும் அக்காவுக்கு என் காரைத் தெரியும். இப்போது என் கவலையும் தெரியும். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் அலமாரிப் பக்கம் கையை நீட்டிவிட்டார்.

“என்ன தங்கச்சி, இன்னொரு பாட்டிலா?”

“இதோட மூணாச்சுக்கா. நெஜமாவே சரியாயிடுமா?”

“நெறைய பேரு வாங்கிட்டுப் போறாங்க. திரும்பி வந்து யாரும் திட்டல.”

இதைவிடப் பெரிய உத்தரவாதம் உண்டா? வாங்கிவிட்டேன்.

பாட்டில் என்றால் பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும் கிளீனர். பெட்ரோலோடு கலந்து போய், இன்ஜெக்டரில் படிந்திருக்கும் கசடைக் கரைத்து, இன்ஜினுக்குப் பழைய தெம்பைத் திருப்பிக் கொடுக்குமாம். முதல் பாட்டில் நான் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. இரண்டாவது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் பார்த்த வீடியோவால்.

எங்கள் காருக்குப் பத்து நாளாகத் தெம்பே இல்லை. தட்டையான ரோட்டில் சமாளிக்கும். என் மகள் யாழினியின் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கல்லணைக் கால்வாய்ப் பாலம் ஒன்று வரும். அந்தச் சின்ன ஏற்றத்தில்தான் மானம் போகும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் திணறும், இழுக்கும்... கடைசியில் முதல் கியரில் ஊர்ந்து போவேன்.

அன்றும் அப்படித்தான். பின்னால் வந்த டிராக்டர்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். டிராக்டர்! டிப்பரில் எரு ஏற்றிய டிராக்டருக்கு என்னைவிட அவசரம்.

பின்சீட்டிலிருந்து யாழினி கேட்டாள். “அம்மா, காருக்கும் என்னை மாதிரி வீசிங்கா?”

“பேசாம உக்காரு பாப்பா” என்றேன். ஐந்து வயசுக்காரி சொன்னதை அப்போதே காதில் வாங்கியிருக்கலாம்.

மெக்கானிக் சேகர் அண்ணனிடம் போனேன். பட்டறை முழுக்க அறுவடை முடிந்து வந்த வண்டிகள்.

“நீங்க ஓட்டுறதே ஊருக்கும் ஸ்கூலுக்கும்தானம்மா. இன்ஜின் சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுறீங்க. கார்பன் புடிச்சிருக்கும். திங்கக்கிழமை விடுங்க, பாத்துடுவோம்.”

திங்கள்கிழமை வரை கார் என் வீட்டில் இருந்தால்தானே!

என் கொழுந்தன் குமார் திருச்சியில் இருக்கிறார். அன்று மாலையே போன் செய்தார். “அண்ணி, ஞாயித்துக்கிழமை வர்றேன். வண்டியை எடுத்துட்டு வந்து இங்க ஒருத்தருக்குக் குடுத்துடலாம். அண்ணன்கிட்ட பேசிட்டேன். செலவு வைக்கிற வண்டி எதுக்கு? பஸ்ஸுதான் இருக்கே.”

பஸ் இருக்கிறது. யார் இல்லை என்றார்கள்? இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக் காலையில், மூச்சு வாங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த பஸ்ஸுக்காகத்தான் நின்றேன். அவள் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருவது என் கைக்குத் தெரிந்தது. பஸ் வந்தது, டாக்டரிடம் போனோம், சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த மாதமே டிரைவிங் கற்றுக்கொண்டேன். மூன்று முறை அழுதுகொண்டே. அவளுக்கு மூச்சு வாங்கினால் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப எனக்கு இருப்பது அந்த ஒரு கார்தான்.

குமாரிடம் இதையெல்லாம் சொன்னேனா? “சரி தம்பி” என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்குப் பதில்கள் வரும்.

சனிக்கிழமை காலை பாட்டிலும் கையுமாகக் கார் ஷெட்டில் நின்றேன். ஷெட் என்றால் பாதிதான் காருக்கு. மீதிப் பாதியில் குறுவைச் சாகுபடிக்கு என் மாமனார் எடுத்து வைத்திருக்கும் விதைநெல் மூட்டைகள். சிமென்ட் தரை, ஈரம் ஏறாது என்று போன மாதம் அவரே அடுக்கியது. அவருக்கும் ஒரு துயரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்து மூட்டை இறங்கிக்கொண்டே போகிறது. “உன் கோழிங்கதான்” என்று என் மாமியாரோடு தினம் சண்டை.

மூடியைத் திருகப் போன கை நின்றது. முதல் இரண்டு பாட்டிலையும் ஊற்றிய பிறகு லேபிளைப் படித்துப் பயந்தவள் நான். இந்த முறை ஊற்றுவதற்கு முன் படித்தேன். ‘எரிபொருள் செல்லும் பாதையைச் சுத்தம் செய்யும்.’

எரிபொருள் செல்லும் பாதை. சரி, காற்று செல்லும் பாதை?

யாழினி கேட்டது அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் அவள் சாப்பிடுவதில்லை என்று நான் டானிக்காக வாங்கி அடுக்கியபோது குழந்தை டாக்டர் என்னைத் திட்டினார். “மூச்சு வாங்குற புள்ளை எப்படிம்மா சாப்பிடும்? டானிக்கெல்லாம் தூக்கி வைங்க. மொதல்ல மூச்சைப் பாருங்க.”

காரோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர், நான்கு கிளிப், ஸ்பேனர் வேண்டாம் என்று படம் போட்டிருந்தது. பானட்டைத் திறந்துவிட்டு, தொடலாமா, உடைத்துவிடுவேனா, குமாரிடம் என்ன சொல்வது என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கிளிப்பை நெம்பினேன். கறுப்பு மூடியைத் தூக்கினேன். மடிப்பு மடிப்பான ஃபில்டர் பேப்பரையும் தூக்கினேன்.

அடியில்... நெல்!

டப்பா நிறைய நெல். ஓரத்தில் வைக்கோல் துணுக்குகள், சாக்கு நூல். மெத்தை மாதிரி.

“மாமா! இங்க வாங்க, சீக்கிரம்!”

ஓடி வந்தவர் எட்டிப் பார்த்தார். ஒரு பிடி அள்ளினார், உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்.

“இது நம்ம விதைநெல்லும்மா!”

“எலி மாமா. காத்து உள்ள போற குழாய் வழியா கொண்டாந்து அடைச்சிருக்கு.”

“அடப்பாவி... வரப்புல வளையை வெட்டி நெல்லு எடுத்துருக்கேன். கார்லயா வளை வைக்கும்?”

பின்னாலேயே வந்த என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “பாத்தீங்களா? என் கோழியைத் திருடின்னீங்களே!”

மாமா போய் அளக்கும் படியை எடுத்து வந்தார். அள்ளி அளந்தார். முழுதாக ஒரு படி, மேலே கொஞ்சம் கோபுரம். ஃபில்டர் ஓரத்தில் மட்டும் எலிப் பல் பட்டிருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பியவர், முக்கால் மணி நேரத்தில் புது ஃபில்டரோடு வந்தார். மூட்டைகளை அங்கே அடுக்கியது யார் என்று நானும் கேட்கவில்லை. வெற்றியிலும் ஒரு மரியாதை வேண்டாமா?

மாட்டினேன். நான்கு கிளிப். சாவியைத் திருப்பினேன். அந்தச் சத்தம்! சளி விட்ட மறுநாள் யாழினி தூங்குவது போல, இழுப்பே இல்லாத மூச்சு.

சேகர் அண்ணனுக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் சிரித்தார். “மொதல்லயே நான் தொறந்து பாத்துருக்கணும்மா” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம்தான் இனியும் வண்டியை விடுவேன்.

அப்போ பாட்டில் ஏமாற்றா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். அவரிடமே கேட்டேன். நிறைய ஓடிய வண்டியில், இன்ஜெக்டரில் கசடு இருந்தால், கொஞ்சம் உதவலாம் என்றார். நல்ல பங்க்கில் பெட்ரோல் போட்டு, நேரத்துக்கு சர்வீஸ் விட்டு, எப்போதாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி மன்னார்குடி வரை ஒரு ஓட்டு ஓட்டினால் பெரும்பாலும் தேவைப்படாது என்றார். அது பெட்ரோல் போகும் வழியை மட்டும்தான் கழுவும். நெல்லைக் கரைக்கும் பாட்டிலை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நாம் ஏன் எதற்கெடுத்தாலும் முதலில் ஊற்றப் பார்க்கிறோம்? குழந்தைக்கு டானிக், தலைமுடிக்கு எண்ணெய், காருக்குக் கிளீனர். ஊற்றுவது சுலபம். மூடியைத் திறந்து பார்க்கத்தான் பயம். உள்ளே என்ன இருக்குமோ...

ஞாயிற்றுக்கிழமை குமார் பஸ்ஸில் வந்து இறங்கினார், காரை எடுத்துப் போக. “மொதல்ல ஒரு ரவுண்டு வாங்க தம்பி” என்று உட்கார வைத்து, பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றி இறக்கினேன். திரும்பி வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணி, எந்த பாட்டில் ஊத்துனீங்க? பேரை வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன். என் வண்டியும் இழுக்குது.”

சீல் உடைக்காத மூன்றாவது பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்தேன். “வச்சுக்குங்க தம்பி. ஊத்துறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரைத் தொறந்து பாருங்க.”

மாலையில் நானே அவரை ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் விட்டேன். வந்ததும் பஸ், போனதும் பஸ். கார் என்னோடு திரும்பியது. பாலத்தின் ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஹாரன் அடித்தேன். அவசியமே இல்லைதான்... ஆனாலும் நன்றாக, நீளமாக அடித்தேன்.