பீரோவுக்குப் பின்னால் கோட்டை

அளவுநாடாவும் கையுமாகத் திரியும் டேப் அக்கா ஆபீசுக்காக அளந்து வரைந்த படத்தில், ஊரின் பழைய கோட்டைச் சுவர் அவர் வீட்டை மட்டும் தொடாமல் தாண்டிப் போகிறதாம். தெருவெல்லாம் இதே பேச்சு. அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியைக்கூட விடாமல் குறித்துக்கொண்டவர், சொந்த வீட்டுக்குச் சலுகை காட்டிவிட்டாரா? விசாரித்ததில் பேச்சு பாதி நிஜம். முழுக்கோடாக வரும் சுவர் அவர் வீட்டில் புள்ளிக்கோடாகி, பக்கத்துத் தையல்காரர் வீட்டில் மறுபடி முழுக்கோடாகிறது. அளக்கிறவர்கள் கணக்கில் புள்ளிக்கோடு என்றால் 'கண்ணால் பார்க்கவில்லை' என்று பொருள்.

பல நூறு வருடத்துச் சுவர். எதிரி வருவதை நிறுத்திக்கொண்ட பிறகு ஊர் மெல்ல அதன்மேல் சாய்ந்துகொண்டது. ஒருவருக்கு அது சமையலறைச் சுவர், இன்னொருவருக்குக் குளியலறை. அம்பு விடும் துளையில் இப்போது பல் துலக்கும் பிரஷ் நிற்கிறது. டேப் அக்கா வீடு வீடாகப் போய், கட்டிலையும் ஃபிரிட்ஜையும் நகர்த்தச் சொல்லி, கல் கல்லாக அளந்தார். சொந்த வீட்டில் சுவரை மறைத்து நின்றது மாமியாரின் பீரோ. அங்கே மட்டும் நகர்த்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சுவர் உப்பியிருப்பதாகப் படத்தில் தெரிகிற இடத்துக்குத்தான், அது சரியாமல் தாங்க, மழைக்கு முன் மரத்தால் முட்டுக் கொடுப்பார்கள். புள்ளிக்கோட்டுக்கு முட்டு கிடையாது. தையல்காரர் வீட்டில் ஆரம்பித்த உப்பலோ இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. பீரோவுக்கு எதிரேதான் மாமியாரின் படுக்கை.

"ரெண்டு பக்கமும் தெரியுதே, நடுவுல ஒரு கோடு இழுத்து விட்டுடுங்க," என்றார் ஆபீஸ் பொறியாளர்.

"பாக்காத கல்ல எப்படி சார் வரையறது?"

டேப் அக்கா மாமியாரிடம் கணவரைத் தூது அனுப்பப் பார்த்தார். "அளக்கற ஆளு நீதானே," என்று அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

கடைசியில் மாமியாரே ஆரம்பித்தார். "தெருவுல எல்லார்கிட்டயும் தயவா கேட்டியாம். என்னை மட்டும் கேக்கல. என் பீரோ பின்னாடி இருக்கறது கோட்டை இல்லையா?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான் அத்தை..."

"கேக்காததுக்குத்தான் கோவம். ஊருக்குக் கேட்ட மாதிரி எனக்கும் வந்து கேளு. வாசல் வழியா."

மறுநாள் டேப் அக்கா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதே கதவைத் தட்டினார்.

"யாருங்க?"

"கோட்டைச் சுவர் அளக்க வந்திருக்கேங்க."

"வாங்க, உக்காருங்க. என் மருமகளுக்கும் இதே வேலைதான். வீட்ல வாயே தொறக்க மாட்டா."

அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "பீரோவ நகர்த்தினா, அளந்துட்டு பழைய எடத்துலயே வெச்சுத் தந்துடுவோம்."

"அதே எடத்துல?"

"அதே எடத்துலதாங்க."

பீரோ நகர்ந்தது. பின்னால் சுவர் கவிழ்த்த சட்டி மாதிரி முன்னே தள்ளியிருந்தது. பீரோவின் முதுகு நசுங்கிப்போயிருந்தது.

"இத்தனை நாள் என் பீரோதான் முட்டுக் குடுத்திருக்கு. அதையும் எழுதிக்கோங்க," என்றார் மாமியார்.

புள்ளிக்கோடு முழுக்கோடாயிற்று. அந்த வாரமே மரமுட்டும் வந்து, பீரோ நின்ற இடத்திலேயே காலூன்றிக்கொண்டது. பீரோ இப்போது டேப் அக்காவின் அறையில், கதவைப் பாதி மறித்துக்கொண்டு நிற்கிறது. முட்டு மரத்தை எப்போது எடுப்பார்கள் என்று பொறியாளருக்கே தெரியாது. மாமியார் புடவை எடுக்க வரும்போதெல்லாம் மருமகளிடம் சொல்கிறார்:

"அந்த ஆபீஸ் அம்மா அதே எடத்துல வெச்சுத் தர்றேன்னாங்க. அவங்களப் பாத்தா கொஞ்சம் ஞாபகப்படுத்தும்மா."